பிஜி பட்டாளத்துக்கு வேண்டியது புது வண்டியா, நல்ல பட்டறையா?

தண்ணீர்மலைக்காரன்
சனி, இரவு 10:40

வணக்கம் மக்களே. நான் பினாங்கில் பிறை என்ற ஊரில் லோரிப் பட்டறை வைத்திருப்பவன், பட்டாளத்து விஷயத்தில் ஞானம் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு பிஜி போய் வந்தேன். மாப்பிள்ளை வீடு நாண்டியில், அந்தப் பெரிய சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலிலிருந்து காரில் பத்து நிமிஷம். அங்கே நம்மவர்களுக்குத் தமிழ்ப் பேச்சு ஏறக்குறையப் போய்விட்டது, வீட்டில் பிஜி இந்திதான், ஆனால் காவடிப் பாட்டு மட்டும் தமிழில் பிசகாமல் வருகிறது. சரி, அது வேறு கதை.

நாண்டிக்குப் பக்கத்தில் பிளாக்ராக் என்று ஒரு பட்டாள முகாம். அமைதிப்படைக்குப் போகிறவர்களுக்கும் புயல் நிவாரணத்துக்குப் போகிறவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் இடம். ஆஸ்திரேலியா காசு போட்டுப் புதுப்பித்து 2022இல் திறந்தார்கள், அந்த வேலையைச் செய்துகொடுக்க சீனாவும் போட்டியில் இருந்தது. அந்தப் பக்கம் போகும்போது இரண்டு புஷ்மாஸ்டர் கவச வண்டிகள் எதிரே வந்தன. எனக்குக் கண் தானாக அடிப்பக்கம் போய்விட்டது, தொழில் புத்தி. படகு மாதிரி வி வடிவத்தில் அடித்தட்டு, கண்ணிவெடி வெடித்தால் காற்று பக்கவாட்டில் போய்விடுமாம். உள்ளே கேட்டர்பில்லர் டீசல் என்ஜின், இசட்எஃப் கியர்பாக்ஸ். இரண்டுமே நான் கைவைத்துப் பழகிய சரக்கு.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், பிஜியின் பூர்வகுடி, லெபனானிலும் சிரியா எல்லையில் கோலானிலும் ஐ.நா. அமைதிப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மலேசியா என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்பா 1952இல் பிஜி பட்டாளத்தோடு ஜொகூருக்கு வந்து, பத்து பகாட் ஊர்ப் பக்கத்துக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டவராம்! 1956 வரைக்கும் இங்கே இருந்திருக்கிறார்கள். நாம் பள்ளியில் மலாயா அவசரகாலம் பற்றி எவ்வளவு படித்தோம், பிஜி என்று ஒரு வார்த்தை என் காதில் விழுந்ததில்லை.

அவரிடம் புது வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். "வண்டி நல்ல வண்டி, மெக்கானிக்குதான் ஆக்லாந்துக்குப் போய்விடுகிறான்" என்று சிரித்தார். அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. மொத்தமே 9 லட்சம் சனம் உள்ள நாடு. சண்டைக்கு வரப் பக்கத்தில் எதிரியும் கிடையாது. அப்படிப்பட்ட நாடு தன் பட்டாளத்தை வெளிநாட்டு வேலைக்காக நவீனப்படுத்துவது சரியா? சரி என்றால் எதில் முதலில் காசு போடவேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கவசவண்டிப்பிரியன்
சனி, இரவு 11:05

அண்ணே சூப்பர் இழை!! புஷ்மாஸ்டர் எல்லாம் போதாது, அதில் ஒன்பது பத்து பேர் உட்காரலாம் அவ்வளவுதான். நம்ம ஜெம்பித்தா மாதிரி எட்டுச் சக்கர வண்டி வேண்டும். பெக்கானில் செய்கிறோம், 257 வண்டிக்கு 2011இல் ஒப்பந்தம் போட்டோம், துருக்கி வண்டியை வைத்து நாமே வடிவமைத்தது. பிஜிக்கு ஒரு பத்து விற்கலாமே. அதோடு டிரோன், இரவுக் கண்ணாடி, எல்லாருக்கும் புது ரைஃபிள். 2014இல் கோலானில் 45 பிஜி வீரர்களை சிரியாவின் அல்நுஸ்ரா ஆயுதக்குழு பிடித்துக்கொண்டு போனதே, கையில் நல்ல சாமான் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

பழைய_சிப்பாய்
ஞாயிறு, காலை 6:20

தம்பி, ஆர்வம் புரிகிறது. நான் 22 வருஷம் நம் பட்டாளத்தில் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவில் இருந்தவன், இப்போது செந்தூலில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். லெபனானுக்கு இரண்டு தடவை மல்பாட்டோடு (ஐ.நா. பணிக்குப் போன நம் மலேசியப் படை) போயிருக்கிறேன். அதனால் பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்குப் பட்டறைப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

ஐ.நா. வேலைக்கு ஒரு நாடு பட்டாளம் அனுப்பினால், வண்டி, ஜெனரேட்டர், சமையல்கூடம், தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் எல்லாம் அந்த நாடே கொண்டுபோக வேண்டும். அதற்கு ஐ.நா. வாடகை மாதிரி மாதாமாதம் கணக்குப் போட்டுக் கொடுக்கும். வெட் லீஸ் என்றால் பராமரிப்பும் உதிரிபாகமும் நம் பொறுப்பு, அதற்கும் சேர்த்துக் காசு. ட்ரை லீஸ் என்றால் சாமான் மட்டும் நம்முடையது, பராமரிப்பு வேறு ஆள் பார்ப்பார். பெரும்பாலான நாடுகள் வெட் லீஸில்தான் போகும்.

ஓடாத வண்டிக்குக் காசு வராது. அதற்குத்தான் ஆய்வு. போய் இறங்கியதும் ஒரு தடவை, அப்புறம் காலாண்டுக்கு ஒரு தடவை. காலையில் இரண்டு மூன்று பேர் கையில் பட்டியலோடு வருவார்கள், எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம், சிரிக்கவும் மாட்டார்கள் முறைக்கவும் மாட்டார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள், ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், ரேடியோ பேசுகிறதா என்று பார்ப்பார்கள், வெள்ளைப் பெயின்டும் ஐ.நா. எழுத்தும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள் (பெயின்ட் அடிப்பதற்குக்கூட தனிக் கணக்கு உண்டு, நம்புங்கள்). அப்புறம் சமையலறை, சலவை, கட்டில், மருந்து, வீரர்கள் வீட்டோடு பேச இணையம், எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி.

ஒரு தடவை ஆய்வுக்கு முந்தின ராத்திரி தண்ணீர் லோரியின் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. கேஸ்கெட் போய்விட்டது. கேட்ட சாமான் இன்னும் கப்பலில். மணி பதினொன்று. நானும் கிளந்தான்காரப் பையன் ஒருவனும் பழைய லோரி டியூப்பை விரித்து, போன கேஸ்கெட்டை மேலே வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, போல்ட் ஓட்டைகளைச் சூடு காட்டிய ஆணியால் குத்தி, மாட்டினோம். காலையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆய்வு முடிந்து மூன்றாம் நாள் மறுபடி ஒழுகியது. இன்றைக்கும் அதை நினைத்தால் பெருமை பாதி, கூச்சம் பாதி. அந்தத் தண்ணீரை நம்பி ஐம்பது மைல் தள்ளி ஒரு கண்காணிப்புச் சாவடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே பட்டறைக்காரரே, உங்கள் நாண்டிப் பெரியவர் சொன்னதுதான் விஷயம். பத்து ஜெம்பித்தா வாங்கினால் பத்துக்கும் டயர், ஷாக், மின்னணுப் பெட்டி, அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள், அந்த ஆள் ஓடிப்போகாமல் இருக்கச் சம்பளம், எல்லாம் வாங்கவேண்டும்.

செந்தூல்_கணக்கு
ஞாயிறு, காலை 9:47

சிப்பாய் அண்ணன் செந்தூலா! நானும் செந்தூல்தான், மார்க்கெட் பக்கம். கணக்கெழுதிப் பிழைக்கிறவள் என்பதால் காசுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா. ஒரே விகிதம் வைத்திருக்கிறது, எந்த நாடானாலும் அதே தொகை. 2018 ஜூலையிலிருந்து 1,428 டாலர், அதற்கப்புறம் சற்று ஏறியிருக்கிறது. 500 பேர் அனுப்பினால் மாதம் 7 லட்சத்து 14 ஆயிரம், வருஷத்துக்கு 85 லட்சத்து 68 ஆயிரம் அமெரிக்க டாலர். இதில் கண்ணில் படவேண்டிய விஷயம், இந்தப் பணம் வீரன் கைக்குப் போவதில்லை, அரசாங்கத்துக்குப் போகிறது. வீரனுக்கு எவ்வளவு என்பதை அவனவன் அரசாங்கம் முடிவு செய்யும். பணக்கார நாட்டுக்கு இந்த 1,428 தன் வீரன் சம்பளத்துக்கே கட்டாது. சம்பளம் குறைந்த நாட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சும். நேப்பாளம், ருவாண்டா, வங்காளதேசம் எல்லாம் பட்டியலில் மேலே நிற்பதற்கு இது ஒரு காரணம், ஒரே காரணம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று. கொண்டுபோன வண்டி இல்லை அல்லது ஓடவில்லை என்றால் வண்டி வாடகை மட்டும் போகாது. ஆள் கணக்கில் வரும் பணத்திலும் கைவைக்க 2013 வாக்கில் விதி கொண்டுவந்துவிட்டார்கள். அதாவது மெக்கானிக் இல்லாத குறை சிப்பாய்க் கணக்கிலும் இடிக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு ரசீது விட்டுப்போனால் மொத்த கிளெய்மும் திரும்பி வருமே, அந்த மாதிரி.

அப்புறம் ஐ.நா. நேரத்துக்குக் கொடுக்கிறதா? பெரிய நாடுகள் சந்தா பாக்கி வைத்தால் இங்கே சின்ன நாடுகள் காத்துக் கிடக்கும். 2025இல் நிலைமை முற்றி, அமைதிப்படைகளில் நாலில் ஒரு பங்கு ஆட்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். லெபனான் பணியே 2026 டிசம்பர் 31ஓடு முடிகிறது, பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டில் தீர்மானம் போட்டுவிட்டது. 1978லிருந்து இருந்த பணி அது. இதை நம்பிக் கடன் வாங்கி வண்டி வாங்கிய நாட்டை நினைத்துப் பாருங்கள்.

மஸ்ஜித்_இந்தியா_மணி
ஞாயிறு, மதியம் 1:15

எல்லாரும் என்ஜினும் ரசீதும் பேசுகிறீர்கள். அந்தப் பட்டாளம் உள்ளூரில் என்ன செய்தது என்று யாராவது பேசுகிறீர்களா?

1987 மே 14. தேர்தலில் ஜெயித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, இந்தியர்கள் ஆதரவோடு வந்த பவத்ரா அரசாங்கம். லெப்டினன்ட் கர்னல் ரம்புக்கா நாடாளுமன்றத்துக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்சியைக் கவிழ்த்தார். செப்டம்பரில் மறுபடி ஒரு தடவை. அந்த ரம்புக்கா யார்? லெபனானில் பிஜி படைக்குத் தலைமை தாங்கியவர், எகிப்தின் சினாயிலும் இருந்தவர். ஊருக்கு வெளியே அமைதி காத்து மெடல் வாங்கியவர் ஊருக்குள் வந்து இதைச் செய்தார். 2000இல் ஜார்ஜ் ஸ்பெயிட் என்பவரின் கும்பல் பிரதமரையே பிணை பிடித்தபோது கூட நின்றவர்கள் பட்டாளத்தின் விசேஷப் பிரிவு ஆட்கள். 2006 டிசம்பரில் தளபதி பைனிமராமா ஆட்சியைக் கவிழ்த்தார். இருபது வருஷத்தில் எத்தனை!

எங்கள் தெருவில் பிஜியிலிருந்து 87க்கு அப்புறம் ஓடிவந்து, சிட்னி போகும் வழியில் இரண்டு வருஷம் தங்கிய ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மா கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போடுவார். சின்னப் பையனாக இருந்த எனக்கு அது வேடிக்கை. 80களில் பிஜியில் இந்தியர்கள் ஏறக்குறையப் பாதி, இன்று மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பட்டாளத்தில் இந்தியர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம்.

சின்ன நாட்டுக்கு எதிரி இல்லை என்றால் பெரிய பட்டாளம் எதற்கு? ஐ.நா. காசு இருப்பதால்தானே இவ்வளவு பேரை வைத்திருக்க முடிகிறது. நீங்கள் நவீனப்படுத்தினால் அந்தத் துப்பாக்கி ஒரு நாள் யாரைப் பார்க்கும் என்று யோசித்துவிட்டு நவீனப்படுத்துங்கள்.

தண்ணீர்மலைக்காரன்
ஞாயிறு, மதியம் 2:02

மணி அண்ணே, இதை நான் அங்கே கல்யாண வீட்டிலேயே கேட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். இத்தனைக்கும் பந்தலில் நாங்கள் நாலு பேர்தான். "இப்போ பரவாயில்லை" என்றார், அவ்வளவுதான், அப்புறம் பாயசம் கேட்டார்.

ஆனால் ஒரு குழப்பம். அதே ரம்புக்கா 2022 டிசம்பர் தேர்தலுக்கு அப்புறம் ஓட்டு வாங்கியே பிரதமராகிவிட்டார். பட்டாளமும் முகாமிலேயே இருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

மஸ்ஜித்_இந்தியா_மணி
ஞாயிறு, மதியம் 2:30

2013 அரசியல் சாசனத்தை எடுத்துப் பாருங்கள், பிரிவு 131. நாட்டின் பாதுகாப்புக்கும் எல்லாப் பிஜி மக்களின் நல்வாழ்வுக்கும் எந்நேரமும் பட்டாளம்தான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. நல்வாழ்வு! நல்வாழ்வு என்ற பெயரில் எதைத்தான் செய்யக்கூடாது. முகாமில் இருப்பது அவர்கள் தயவு.

பழைய_சிப்பாய்
ஞாயிறு, மாலை 5:10

மணி சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஐ.நா.வும் இதில் சுத்தம் என்று சொல்லமுடியாது. 2006 கவிழ்ப்புக்கு அப்புறமும் பிஜி ஆட்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. 2013இல் கோலானிலிருந்து ஆஸ்திரியா கிளம்பியபோது அந்த இடத்தை நிரப்ப பிஜியிலிருந்து 500 பேர் அளவில் போனார்கள், அப்போது அங்கே தேர்தலில் வராத ஆட்சி. ஆள் வேண்டும் என்றால் யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் பார்க்கவேண்டும். கவிழ்ப்புக்கு என்ன சாமான் வேண்டும்? 87இல் பத்துப் பேரும் முகமூடியும் சில ரைஃபிளும் போதுமாயிருந்தது. அதற்கு புஷ்மாஸ்டர் தேவையில்லை, தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் தேவையே இல்லை. ஆகவே எதை நவீனப்படுத்துகிறோம் என்பது முக்கியம். 2016 ஜனவரியில் ரஷ்யா கன்டெய்னர் கன்டெய்னராக ஆயுதம் இலவசமாக அனுப்பியது, கோலானில் இருக்கும் தங்கள் ஆட்களுக்கு என்று பிஜி அரசாங்கம் சொன்னது. எதிர்க்கட்சிகள் உங்களைப் போலவே பதறின. அந்தப் பதற்றம் சரி. ஒரு கவச ஆம்புலன்ஸுக்கு அப்படிப் பதறியிருந்தால்தான் எனக்குப் புரிந்திருக்காது.

நம் பட்டாளத்தில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சேரும்போது எங்கள் அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அது தனி இழைக்கான பேச்சு, இங்கே வேண்டாம்.

கவசவண்டிப்பிரியன்
ஞாயிறு, மாலை 5:31

ஐயா, 1993 சோமாலியாவில் நம் ஆட்கள் போனபோது சாமான் இருந்ததால்தானே அமெரிக்கர்களையே மீட்க முடிந்தது? அதைச் சொல்லுங்களேன்.

பழைய_சிப்பாய்
ஞாயிறு, இரவு 8:55

நான் அங்கே இல்லை தம்பி, போய் வந்தவர்களோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தேன். 1993 அக்டோபர் 3 ராத்திரி மொகடிஷுவில் அமெரிக்கர்களிடம் ஹெலிகாப்டர் இருந்தது, இரவுக் கண்ணாடி இருந்தது, கவச வண்டி மட்டும் இல்லை. பாகிஸ்தானின் டாங்கியும் நம்முடைய வெள்ளைக் கொண்டோர் கவச வண்டிகளும்தான் அந்தச் சந்துகளுக்குள் போயின. நம் காலாட்களை இறக்கிவிட்டு அமெரிக்கர்களை ஏற்றிக்கொண்டார்கள், ஓட்டுநரும் சுடுபவரும் நம் ஆட்களாகவே இருந்தார்கள். ஓட்டுநர் மாட் அஸ்னான் அவாங் அங்கேயே இறந்துபோனார், ராக்கெட் கவசத்தைத் துளைத்துவிட்டது. பின்னால் செரி பஹ்லாவான் காகா பெர்காசா என்ற வீர விருது கொடுத்தார்கள்.

கொண்டோர் ஒன்றும் பெரிய வண்டி இல்லை. ஜெர்மனியில் செய்த நாலு சக்கர வண்டி, 80களில் 459 வாங்கிப் போட்டோம், காட்டோர ரோந்துக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் சரியாக இருக்கும் என்று. ராக்கெட்டைத் தாங்கும் கனம் அதில் கிடையாது. ஆனால் அன்றைக்குச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும் நிலையில் இருந்தது. போஸ்னியாவுக்குப் போகும்போது பாடம் படித்து, தென்கொரியாவிடம் சங்கிலிச் சக்கர கே200 கவச வண்டி வாங்கினோம். அந்தப் பணிக்காகவே அவசரமாக வாங்கியது. அவசரத்தில் வாங்கிய சாமானுக்கு உதிரிபாகம் தேடுவது எவ்வளவு பாடு என்று கேட்கவேண்டுமா, எங்கள் பட்டறையில் பாதிப் பேச்சு அதுவாகத்தான் இருந்தது.

நீ கேட்ட கோலான் விஷயத்துக்கும் சொல்கிறேன். 2014 ஆகஸ்ட் 28. ஏகப்பட்ட பேர் சூழ்ந்துகொண்டு ஆயுதத்தைக் கீழே போடு என்கிறார்கள். பிஜி ஆட்கள் பிடிபட்டார்கள், செப்டம்பர் 11 விடுதலை, ஒரு உயிரும் போகவில்லை. பக்கத்துச் சாவடிகளில் இருந்த பிலிப்பீன்ஸ் ஆட்கள் ஆயுதம் கொடுக்க மறுத்து, ஒரு சாவடியினர் இரவோடு இரவாகத் தப்பினார்கள். எது சரி என்று இங்கே கோப்பி குடித்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அதற்கப்புறம் ஆஸ்திரேலியா பத்து புஷ்மாஸ்டர் கொடுத்தது, கோலானில் ஓட்ட. நல்லது. டிரோன் என்றாயே, அந்தந்த நாட்டின் சம்மதம் இல்லாமல் ஐ.நா. படை இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது.

வெள்ளைச்சட்டைத்_தாதி
திங்கள், காலை 7:05

இரவு வேலை முடிந்து பேருந்தில் வரும்போது முழு இழையும் படித்தேன். கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவசரப் பிரிவு. ஒருத்தர்கூட இரத்தத்தைப் பற்றிப் பேசவில்லையே.

ஐ.நா. பணிகளில் 10-1-2 என்று ஒரு கணக்கு உண்டு. அடிபட்டுப் பத்து நிமிஷத்துக்குள் இரத்தத்தைக் கட்டவேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் தேர்ந்த அவசர சிகிச்சை, இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை. பின்னது இரண்டுக்கும் ஹெலிகாப்டரும் லெவல் 2 மருத்துவமனையும் (அறுவை செய்யும் வசதி உள்ளது) வேண்டும், சின்ன நாட்டால் தனியாக முடியாது, வேறு நாட்டோடு சேர்ந்துதான். முதல் பத்து நிமிஷம் மட்டும் முழுக்க அவர்கள் கையில். அதற்கு வேண்டியது ஒவ்வொரு வீரன் பையிலும் ஒரு டூர்னிக்கெட் (இரத்தம் நிற்க இறுக்கிக் கட்டும் பட்டை), அதை இருட்டில், ஒற்றைக் கையால், தன் காலிலேயே கட்டிக்கொள்ளப் பழக்கம்.

நான் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் பார்ப்பது இது. பெல்ட்டால் தொடையைக் கட்டிக் கூட்டிவருவார்கள், இறுக்கம் போதாது, இரத்தம் நிற்காது. எங்கள் பயிற்சியில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டவேண்டும். முதல் தடவை எனக்கு ஒன்றரை நிமிஷம் ஆனது, சிரித்தார்கள். ஒரு மாதத்தில் இருபத்தைந்து நொடிக்கு வந்தேன். ஒரு கவச வண்டியின் நாலு டயர் விலையில் ஒரு கம்பெனி வீரர்களுக்கே இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். கணக்கு அக்கா திருத்தலாம்.

செந்தூல்_கணக்கு
திங்கள், காலை 10:20

திருத்த ஒன்றுமில்லை தங்கச்சி. முதலில் தூங்கு.

பேச்சோடு பேச்சாக எனக்கு நானே ஒரு திருத்தம். சினாயில் இருக்கும் படை ஐ.நா. படை இல்லை. எகிப்து–இஸ்ரேல் ஒப்பந்தத்துக்காகத் தனியாக அமைத்தது, பிஜி 1982லிருந்து அங்கே இருக்கிறது. அதற்கு ஐ.நா. விகிதம் பொருந்தாது. நேற்று எழுதும்போது மனதில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனாமாக வரும் சாமானைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியா கொடுத்த ரோந்துப் படகு புவாமவ், 2024 மார்ச்சில் கைமாறியது, ஜூனில் முதல் ரோந்துக்குப் போனபோதே லாவு தீவுகள் பக்கம் பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது. யார் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இனாமாக வந்ததையும் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம் எழுதவேண்டும் என்று எங்கள் முதலாளி சொல்வார். டீசல், ஆள், காப்புறுதி, பழுது.

கவசவண்டிப்பிரியன்
திங்கள், மதியம் 12:48

சரி சரி, எல்லாரும் சேர்ந்து என் ஜெம்பித்தாவைப் பட்டறையில் ஏற்றிவிட்டீர்கள் 😄 ஆனால் ஒன்று கேட்கிறேன். பட்டறை, டூர்னிக்கெட், உதிரிபாகம் என்று மட்டும் வாங்கினால் எவன் பட்டாளத்தில் சேருவான்? நான் பட்டாள முகாமைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளுக்குப் போனது கேஸ்கெட் பார்க்க இல்லை. நல்ல வண்டி இருந்தால்தான் பையன்கள் வருவார்கள், வந்தால்தானே மெக்கானிக் ஆவார்கள்.

பழைய_சிப்பாய்
திங்கள், மாலை 6:40

இது நல்ல கேள்வி தம்பி, எனக்கு இதற்குச் சட்டென்று பதில் இல்லை. நானும் டாங்கி ஓட்டவேண்டும் என்றுதான் சேர்ந்தேன்.

பிஜிக்கு இது இன்னும் கஷ்டம். 90களின் கடைசியிலிருந்து பிரிட்டிஷ் பட்டாளம் அவர்களை எடுக்கிறது. 2003க்கு அப்புறம் ஈராக்கில் தனியார் பாதுகாப்புக் கம்பெனிகள் நல்ல சம்பளம் கொடுத்து இழுத்தன. அங்கே ஐ.நா. அலுவலகத்துக்குக் காவல் நின்றதும் பிஜி ஆட்கள்தான், 2004லிருந்து. பயிற்சி கொடுப்பது ஒரு நாடு, அறுவடை செய்வது வேறு நாடு. நான் அந்த நாட்டுத் தளபதியாக இருந்தால் வாங்கும் வண்டி ஒரே வகையாக இருக்கும்படி பார்ப்பேன். கொடுக்கிறார்களே என்று ஆளுக்கொரு வகை வாங்கமாட்டேன். பட்டறைக்காரரே, உங்கள் பட்டறையில் எத்தனை வகை லோரி வருகிறது?

தண்ணீர்மலைக்காரன்
திங்கள், இரவு 9:15

முன்பு எல்லா வகையும் எடுத்தேன் அண்ணே. இடம் முழுக்க உதிரிபாகம், தேவைப்பட்டது மட்டும் இருக்காது. இப்போது இரண்டே வகை. வருமானம் குறையவில்லை, ராத்திரி தூக்கம் வருகிறது. மெக்கானிக் ஓடும் கதை எனக்கும் உண்டு. மூன்று வருஷம் கற்றுக்கொடுத்த பையன் சிங்கப்பூர் போய்விட்டான். அடுத்தவனுக்கு வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டேன், ஐந்தாம் வருஷம் கடையில் பங்கு என்று. இன்னும் இருக்கிறான். பட்டாளத்தில் பங்கு கொடுக்க முடியாது, ஆனால் மெக்கானிக்குக்குச் சிப்பாயைவிட ஒரு படி அதிகச் சம்பளமும், ஓய்வு பெறும்போது வெளியே செல்லுபடியாகும் சான்றிதழும் கொடுக்கலாமே. போகிறவன் போகட்டும், இருபது வருஷம் கழித்துப் போகட்டும்.

மஸ்ஜித்_இந்தியா_மணி
திங்கள், இரவு 10:01

அந்தப் பட்டறையில் இந்தியப் பையன்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாண்டியிலும் பா என்ற ஊரிலும் கராஜ் நடத்துவது பாதி நம்மவர்கள்தானே. அப்படி ஒன்று நடந்தால் நான் இந்த இழையில் எழுதியதில் கொஞ்சத்தை வாபஸ் வாங்குகிறேன். கொஞ்சம்தான்.

தண்ணீர்மலைக்காரன்
செவ்வாய், காலை 8:30

இந்த இழையைப் பற்றி நாண்டிப் பெரியவருக்கு மாப்பிள்ளை மூலம் சொல்லி அனுப்பினேன். கேஸ்கெட் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம், லெபனானின் கானா என்ற ஊரில் 1996இல் முகாம் மேல் குண்டு விழுந்ததைப் பற்றி மட்டும் பேச விரும்பவில்லையாம். அடைக்கலம் என்று உள்ளே வந்த நூறு பேருக்கு மேல் செத்த இடம் அது, பிஜி படையின் முகாம்.

பதிலுக்கு அவர் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். அவர் அப்பா இருந்த முகாம் பத்து பகாட்டில் இன்னும் இருக்கிறதா, பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டமும் அதில் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலும் இருந்ததாக அப்பா சொல்வாராம், ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பிஜி சிப்பாய்களும் வரிசையில் நிற்பார்களாம். ஜொகூர்ப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வெள்ளைச்சட்டைத்_தாதி
செவ்வாய், காலை 8:52

என் மாமனார் பத்து பகாட்தான், தோட்டத்தில் பிறந்தவர், 79 வயது. அந்த ஊரில் தோட்டங்கள் பலது செம்பனையாகிவிட்டன, வீட்டுமனையாகிவிட்டன. மத்தியானம் தூங்கி எழுந்ததும் போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன். கோயிலுக்குப் பெயர் எதுவும் சொன்னாரா?